இரண்டு சீட்டுகளில் இல்லாத பெயர்

1999-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்க பேஸ்பால் உலகில் ஒரு வாக்கெடுப்பின் முடிவு வெளியாயிற்று. அமெரிக்கன் லீகில் அவ்வாண்டின் 'மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்' யார் என்பதே கேள்வி. வாக்களித்தவர்கள் 28 பேர். லீகைச் சேர்ந்த 14 நகர அணிகளுக்கும் அணிக்கு இருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பத்திரிகை எழுத்தாளர்கள். முதலிடத்துக்கு ஒரு பெயரை எழுதியவர்களை மட்டும் எண்ணினால் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் பந்து வீச்சாளர் பெட்ரோ மார்ட்டினெஸுக்கு 8 பேர். டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியின் கேட்ச்சர் இவான் ரோட்ரிகஸுக்கு 7 பேர். ஆயினும் விருது ரோட்ரிகஸுக்கே போயிற்று. மொத்தப் புள்ளிகளில் அவர் பெற்றவை 252. மார்ட்டினெஸ் பெற்றவை 239. இருபத்தெட்டுச் சீட்டுகளில் இரண்டில் மார்ட்டினெஸின் பெயர் பத்தாம் இடத்தில்கூட இல்லை.

கால் நூற்றாண்டு கடந்தும் இந்தப் பதின்மூன்று புள்ளிகளைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. ஒரு விளையாட்டு விருதுக்கு இத்தனை ஆராய்ச்சி தேவையா என்று இலக்கிய வாசகர்கள் கேட்கக்கூடும். நமக்கு இவ்வழக்கில் ஈர்ப்பு உண்டானது ஆட்டத்தினால் மட்டுமன்று. ஒரு சொல்லின் பொருளை வரையறுக்காமல் விட்டுவிட்டு அதன் பெயரால் தீர்ப்புக் கூறினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது என்பதனாலும்தான்.

கிரிக்கெட் மட்டும் அறிந்தவர்களுக்காகச் சில குறிப்புகள். பேஸ்பாலில் பந்து வீசுபவரை பிட்ச்சர் என்பர். அவர் எறியும் பந்து தரையில் பட்டு எழுவதில்லை; நேராக மட்டையாளரின் முன் செல்லும். மட்டையாளருக்குப் பின்னே குந்தியிருந்து அதைப் பிடிப்பவர் கேட்ச்சர், ஏறத்தாழ நம் விக்கெட் கீப்பர். ஆயின் கேட்ச்சரின் பொறுப்பு விக்கெட் கீப்பருடையதைவிடப் பெரிது. அடுத்து எவ்வகைப் பந்து வீசவேண்டும் என்று விரல்களால் சைகை காட்டுபவர் அவரே. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்ச்சர் ஒருவர் ஒரு நாள் வீசினால் நான்கு நாட்கள் ஓய்வு. ஐந்தாம் நாள் மீண்டும் வீசுவார். ஆண்டுக்கு 162 ஆட்டங்கள் நடக்கும் ஒரு பருவத்தில் அவர் களமிறங்குவது முப்பது முப்பத்திரண்டு நாட்கள் மட்டுமே. மற்றவர்கள் ஏறத்தாழ எல்லா நாளும் ஆடுகிறார்கள். வழக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பெட்ரோ மார்ட்டினெஸ் 1971-இல் டொமினிக்கன் குடியரசில், தலைநகர் சாந்தோ டொமிங்கோவை அடுத்த மானோகுவாயபோ என்னும் ஊரில் பிறந்தவர். அண்ணன் ரமோனும் பிட்ச்சர். இருவரும் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியில் இருந்தவர்கள். பெட்ரோவின் உடல்வாகு மெலிந்தது. உயரம் ஆறடிக்குள். தொடக்க பிட்ச்சராக ஆண்டு முழுதும் வீசும் உரம் இந்த உடம்புக்கு இல்லை என்று டாட்ஜர்ஸ் நிர்வாகம் கருதியது; 1993-ஆம் ஆண்டின் இறுதியில் டெலைனோ டிஷீல்ட்ஸ் என்னும் இரண்டாம் பேஸ் ஆட்டக்காரரைப் பெற்றுக்கொண்டு இவரை மான்ட்ரியால் எக்ஸ்போஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. அந்த அணியின் வரலாற்றில் அதைவிட வருந்தத்தக்க பண்டமாற்று அதிகம் இல்லை. நான்கே ஆண்டுகளில், 1997-இல், மார்ட்டினெஸ் நேஷனல் லீகின் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதைப் பெற்றார். சம்பளம் கொடுத்துத் தக்கவைத்துக்கொள்ள வழியில்லாத மான்ட்ரியால் அவரை பாஸ்டனுக்கு அனுப்பியது.

இனி 1999-க்கு வருவோம். அக்காலம் மட்டையாளர்களின் காலம். முந்தைய ஆண்டு மார்க் மெக்வயர் 70 ஹோம் ரன்களும் சாமி சோசா 66 ஹோம் ரன்களும் அடித்திருந்தனர். 1999-இலும் இவ்விருவரும் முறையே 65, 63 அடித்தனர். மைதானங்கள் சிறுத்தன என்றார்கள். பந்து இறுகியது என்றார்கள். ஊக்கமருந்துகள் பற்றிய உண்மை பின்னரே மெல்ல மெல்ல வெளிவந்தது. காரணம் எதுவாயினும் பந்து வீசுபவன் பாடு பரிதாபமாயிருந்தது. அமெரிக்கன் லீகில் ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்ச்சர் சராசரியாக விட்டுக்கொடுத்த ஓட்டங்கள் 4.86. மார்ட்டினெஸ் விட்டுக்கொடுத்தவை 2.07. இரண்டாம் இடத்தில் வந்த டேவிட் கோனின் சராசரி 3.44. முதல்வருக்கும் இரண்டாமவருக்கும் நடுவே இத்தனை இடைவெளி அமைவது மிக அரிது. இதற்கு மேல் 23 வெற்றிகள், 4 தோல்விகள். 213 இன்னிங்ஸ்களுக்குச் சற்றே அதிகமாக வீசி 313 மட்டையாளர்களை ஸ்டிரைக் அவுட் செய்தார். இலவசமாக முதல் பேஸுக்கு நடக்கவிட்டது 37 பேரை மட்டும். அத்தனை மட்டையாளர்கள் ஹோம் ரன் மழை பொழிந்த ஆண்டில் இவர் பந்தில் அடிக்கப்பட்ட ஹோம் ரன்கள் ஒன்பது. வெற்றிகள், ஓட்டச் சராசரி, ஸ்டிரைக் அவுட் என்னும் மூன்றிலும் லீகில் முதலிடம்.

எண்களை இவ்வளவில் நிறுத்திக்கொண்டு இரண்டு மாலைப் பொழுதுகளைச் சொல்ல விரும்புகிறோம்.

ஒன்று ஜூலை 13. இரு லீகுகளின் நட்சத்திர ஆட்டக்காரர்கள் மோதும் ஆட்டம் அவ்வாண்டு பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானத்தில் நடந்தது. ஆட்டத்துக்கு முன் முதியவரான டெட் வில்லியம்ஸை வண்டியில் அமர்த்தி மைதானத்துக்குள் அழைத்துவந்தபோது நட்சத்திரங்கள் யாவரும் அவரைச் சிறுவர்கள் போலச் சூழ்ந்துகொண்டார்கள். பின்னர் மார்ட்டினெஸ் வீசவந்தார். பாரி லார்கின், லாரி வாக்கர், சாமி சோசா, மார்க் மெக்வயர் என்னும் நால்வரும் வரிசையாக ஸ்டிரைக் அவுட். ஐந்தாமவர் மாட் வில்லியம்ஸ் தடுப்பாளரான ராபர்ட்டோ அலோமாரின் பிழையால் முதல் பேஸை அடைந்தார். ஆறாமவர் ஜெஃப் பாக்வெல்லும் ஸ்டிரைக் அவுட். அந்தப் பந்திலேயே இரண்டாம் பேஸைத் திருட ஓடிய வில்லியம்ஸைக் கேட்ச்சர் எறிந்து வீழ்த்தினார். அந்தக் கேட்ச்சர் வேறு யாருமல்லர், இவான் ரோட்ரிகஸ். நான்கு மாதங்களுக்குப் பின் ஒரே விருதுக்கு எதிரெதிரே நிறுத்தப்பட்ட இருவர் அன்று ஒருவர் எறிய மற்றவர் பிடிக்க, ஒரே பக்கத்தில் நின்று ஆடினார்கள். பிழை செய்த அலோமாரும் அவ்வாக்கெடுப்பில் மூன்றாம் இடத்துக்கு வந்தவர்களில் ஒருவர்.

மற்றொன்று செப்டம்பர் 10, நியூயார்க் யாங்கீ ஸ்டேடியம். யாங்கீஸ் அணி அப்போது உலக சாம்பியன். அவ்வாண்டும் அதுவே சாம்பியனாகப் போகிறது. இரண்டாம் இன்னிங்ஸில் சில்லி டேவிஸ் ஒரு ஹோம் ரன் அடித்தார். அவ்வளவுதான். ஆட்டம் முழுவதிலும் யாங்கீஸ் அடித்த ஒரே அடி அது. ஒன்பது இன்னிங்ஸ்களையும் தாமே வீசிய மார்ட்டினெஸ் ஒருவரையும் நடக்கவிடவில்லை; 17 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். பாஸ்டன் 3-1 என வென்றது. அதிவேகப் பந்து வரும் என்று மட்டையாளர் கையை முறுக்கியிருக்கும்போது அதே கைவீச்சில் மெதுவான பந்து வரும். மெதுவாக வரும் என்று காத்திருப்பவரின் மார்புக்கு நேரே வேகப்பந்து வரும். இப்படி எதிரியின் எதிர்பார்ப்பையே ஆயுதமாக்கிக்கொள்ளும் கலையில் அவர் உச்சத்தில் இருந்த இரவு அது. தம் அணி தோற்றுக்கொண்டிருந்ததையும் மறந்து நியூயார்க் ரசிகர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றே அந்த ஆட்டத்தை நினைவுகூர்பவர்கள் சொல்வது வழக்கம்.

குறைகள் இல்லாமலில்லை. ஜூலை ஆட்டத்துக்குப் பின் தோளில் வலி கண்டு சில ஆட்டங்களை இழந்தார். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் மைதானத்துக்குத் தாமதமாக வந்தார் என்பதற்காகப் பயிற்சியாளர் ஜிமி வில்லியம்ஸ் அவரைத் தொடக்கத்தில் இறக்காமல் உட்காரவைத்து, நடுவில் இறக்கினார். அன்றும் வெற்றி அவர் கணக்கில்தான் சேர்ந்தது. மொத்தத்தில் அவர் ஆடியது 31 ஆட்டங்கள்.

சை யங் விருது பற்றி எவருக்கும் ஐயமில்லை. 28 வாக்குகளும் அவருக்கே விழுந்தன. கேள்வியெல்லாம் அதற்கு மேலான விருதைப் பற்றியது.

அந்த விருதின் பிறப்பே ஒரு தகராறில்தான் என்பது பலர் அறியாதது. 1910-இல் டெட்ராய்ட் நகரத்து மோட்டார் வண்டி உற்பத்தியாளர் ஹ்யூ சால்மர்ஸ், மட்டையடிச் சராசரியில் முதலிடம் பெறுபவருக்குத் தம் வண்டி ஒன்றைப் பரிசளிப்பதாக அறிவித்தார். போட்டி டை காபுக்கும் நாப் லாஜவேக்கும் இடையே. காபை விரும்பியவர்கள் குறைவு. பருவத்தின் கடைசி நாளில் லாஜவே ஆடிய எதிரணியான செயின்ட் லூயிஸ் பிரௌன்ஸின் பயிற்சியாளர் ஜாக் ஓ'கானர் தம் மூன்றாம் பேஸ் தடுப்பாளரை வெகு தொலைவில் நிறுத்திவைத்தார். லாஜவே பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓட, இரண்டு ஆட்டங்களில் எட்டு அடிகள் அவர் கணக்கில் சேர்ந்தன. ஊர் கொதித்தது, ஓ'கானர் வேலை இழந்தார், லீக் தலைவர் பான் ஜான்சன் காபே வென்றார் என்று அறிவித்தார், சால்மர்ஸ் இருவருக்கும் வண்டி கொடுத்துத் தலை தப்பினார். (காபின் கணக்கில் ஓர் ஆட்டம் இருமுறை எழுதப்பட்டிருந்தது 1981-இல் வெளியானது வேறு கதை.) எண்ணை நம்பிப் பரிசு கொடுத்தால் எண்ணையே வளைத்துவிடுகிறார்கள் என்று கண்டதனால், 1911 முதல் பத்திரிகையாளர் குழு ஒன்று கூடி, தம் அணிக்கும் லீகுக்கும் மிகவும் பயன்பட்டவர் யார் என்று தீர்மானிக்கும் ஏற்பாடு வந்தது. எண்ணின் இடத்தில் மதிப்பு வந்து அமர்ந்த கதை இது. வண்டிப் பரிசு 1914-உடன் நின்றது.

1922-இல் அமெரிக்கன் லீக் தானே ஒரு விருதைத் தொடங்கியது. ஒருமுறை பெற்றவர் மறுமுறை பெறலாகாது என்பது அதன் விதி. 1923-இல் பெற்றுவிட்ட பேப் ரூத், 60 ஹோம் ரன் அடித்த 1927-இல் தகுதியற்றவரானார்; விருது அவருடைய அணித்தோழர் லூ கெரிக்குக்குப் போயிற்று. நேஷனல் லீகின் விருது 1924-இல் வந்தது. முதல் ஆண்டிலேயே நம் வழக்குக்கு முன்னுரை எழுதியது. அவ்வாண்டு ராஜர்ஸ் ஹார்ன்ஸ்பியின் மட்டையடிச் சராசரி .424. இருபதாம் நூற்றாண்டின் நேஷனல் லீகில் அதற்கு மேல் ஒருவரும் சென்றதில்லை. ஆயினும் விருது பெற்றவர் புரூக்லின் அணியின் பிட்ச்சர் டாஸி வான்ஸ். சின்சினாட்டியைச் சேர்ந்த ஜாக் ரைடர் என்னும் எழுத்தாளர் தம் சீட்டில் ஹார்ன்ஸ்பியின் பெயரை எங்குமே எழுதவில்லை. ஹார்ன்ஸ்பி தமக்குப் பயன்படுகிறாரேயன்றி அணிக்குப் பயன்படவில்லை என்பது அவர் சொன்ன நியாயம். வான்ஸுக்கு 74 புள்ளிகளும் ஹார்ன்ஸ்பிக்கு 62 புள்ளிகளும் கிடைத்தன. ஆகவே ரைடர் முதலிடமே தந்திருந்தாலும் முடிவு மாறியிராது. இருந்தும் அவர் பெயர் இன்றளவும் அந்தச் சீட்டுக்காகவே நினைக்கப்படுகிறது. அங்கே பெயர் விடுபட்டவர் மட்டையாளர், வென்றவர் பிட்ச்சர் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்போதுள்ள விருது 1931-இல் அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தின் கையில் வந்தது. அவ்வாண்டு அமெரிக்கன் லீகில் அதைப் பெற்ற முதல் ஆட்டக்காரர் லெஃப்டி குரோவ்; 31 வெற்றிகள், 4 தோல்விகள், ஓட்டச் சராசரி 2.06. அவர் பிட்ச்சர். பிட்ச்சர்களுக்கு இவ்விருது உரியதன்று என்று பின்னாளில் வாதிட்டவர்கள் இதை எப்படி மறந்தார்கள் என்பது நமக்கு விளங்காத ஒன்று. அதன் பின் கார்ல் ஹபெல் இருமுறை பெற்றார். ஹால் நியூஹவுசர் 1944, 1945 என அடுத்தடுத்துப் பெற்றார். 1968-இல் இரு லீகிலும் பிட்ச்சர்களே பெற்றனர். பாப் கிப்சனின் அவ்வாண்டுச் சராசரி 1.12, டென்னி மக்லேனின் வெற்றிகள் 31. பிட்ச்சர்களின் கை இவ்வளவு ஓங்கியது தகாது என்று மறு ஆண்டே அவர்கள் நின்று வீசும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். விதியையே மாற்றவைத்த பெருமை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

இதற்கிடையே 1956-இல் சை யங் விருது தோன்றியது. முந்தைய ஆண்டு காலமான, 511 வெற்றிகள் பெற்ற பழம்பெரும் பிட்ச்சரின் பெயரால் ஏற்பட்டது. பிட்ச்சர்களைப் பெருமைப்படுத்த வந்த இவ்விருதுதான் நாளடைவில் அவர்களுக்கு எதிரான வாதமும் ஆயிற்று. உங்களுக்கென்று ஒரு விருது இருக்கிறதே, இதிலும் ஏன் பங்கு கேட்கிறீர்கள் என்ற பேச்சு எழுந்தது. 1978-இல் யாங்கீஸ் பிட்ச்சர் ரான் கிட்ரி 25 வெற்றி, 3 தோல்வி, 1.74 என்ற சராசரியோடு நின்றும், 46 ஹோம் ரன் அடித்த பாஸ்டன் மட்டையாளர் ஜிம் ரைஸிடம் தோற்றார். அன்று முறையிட்டது நியூயார்க், மகிழ்ந்தது பாஸ்டன். 1999-இல் இந்த ஊர்கள் தம் வாதங்களை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1981-இல் ரோலி ஃபிங்கர்ஸ், 1984-இல் வில்லி ஹெர்னாண்டெஸ், 1992-இல் டென்னிஸ் எக்கர்ஸ்லி ஆகிய மூவர் இந்த விருதைப் பெற்றார்கள். மூவரும் ஆட்டத்தின் கடைசியில் வந்து ஓரிரு இன்னிங்ஸ் வீசி முடித்துவைப்பவர்கள். எக்கர்ஸ்லி அவ்வாண்டு முழுவதும் வீசியது 80 இன்னிங்ஸ்கள். 80 இன்னிங்ஸ் வீசியவர் விருதுக்கு உரியவர், 213 இன்னிங்ஸ் வீசியவர் போதுமான அளவு ஆடவில்லை என்பது எந்தத் தருக்கத்தில் சேரும்?

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். விருதின் பெயர் 'சிறந்த ஆட்டக்காரர்' அன்று. 'மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்'. மதிப்பு என்றால் என்ன? வாக்காளர்களுக்கு அனுப்பப்படும் கடிதம், இதற்குத் தெளிவான வரையறை ஏதுமில்லை என்றும், ஒவ்வொருவரும் தாமே தீர்மானிக்க வேண்டும் என்றும் கைகழுவிவிடுகிறது. அணிக்கு ஆட்டக்காரர் தந்த உண்மையான மதிப்பு, அதாவது அடிப்பதிலும் தடுப்பதிலும் உள்ள வலிமை. ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை. ஒழுக்கம், ஈடுபாடு, முயற்சி. இவற்றைக் கருதச் சொல்கிறது. கூடவே, பிட்ச்சர்கள் உட்பட எல்லாரும் தகுதியுடையவர்களே என்பதையும் நினைவில் கொள்ளச் சொல்கிறது. தமிழ் படித்தவர்களுக்கு இந்நிலை புதிதன்று. நூற்பா ஒன்று, உரைகள் பல. ஆயின் நம் உரையாசிரியர்கள் நூற்பாவில் வெளிப்படையாகக் கிடக்கும் சொல்லுக்கு வலிந்து வேறு பொருள் கூறியதுண்டேயன்றி, அச்சொல்லே இல்லை என்று சொன்னதில்லை.

ரோட்ரிகஸின் தரப்பை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த அவர் பத்தொன்பது வயதில் டெக்சாஸ் அணிக்குள் வந்தவர். 1999-இல் அவருடைய மட்டையடிச் சராசரி .332; ஹோம் ரன்கள் 35; அடித்துச் சேர்த்த ஓட்டங்கள் 113; தாமே ஓடிக் கடந்தவை 116. இவற்றையெல்லாம் டெக்சாஸின் வெயிலில், முழங்கால் மடக்கிக் குந்தியிருந்துகொண்டே செய்தார். கேட்ச்சர்கள் பொதுவாக ஓடுவதில்லை, அவர்களுடைய கால்கள் தாங்கா. இவரோ 25 முறை பேஸ் திருடினார். எதிரணியினர் திருட முயன்றால் பாதிக்கு மேற்பட்டோரை எறிந்து வீழ்த்தினார். அவருடைய கைவலிமைக்கு அஞ்சி ஓடாமலே நின்றவர்களை எந்தக் கணக்கும் சொல்லாது. அணி தன் பிரிவில் முதலிடம் பெற்றது. 1976-இல் தர்மன் மன்சன் பெற்ற பிறகு அமெரிக்கன் லீகில் எந்தக் கேட்ச்சரும் இவ்விருதைப் பெற்றதில்லை. ஆகவே உழைப்பாளிகளான கேட்ச்சர்களுக்குக் காலங்கடந்து கிடைத்த மரியாதை என்று பலர் மகிழ்ந்ததிலும் பொருள் இருந்தது.

மறுபக்கமும் இருக்கிறது. 600-க்கும் மேற்பட்ட முறை மட்டையோடு நின்ற அவர் பொறுமை காத்து நடந்து சென்றது 24 முறை மட்டும்; ஒரே அடியில் இருவர் ஆட்டமிழக்கக் காரணமானது 31 முறை. அன்றைய பத்திரிகைகள் இவற்றைப் பெரிதாகப் பேசவில்லை. மட்டையாளர்களிலேயே அவரைவிட மேலானவர்கள் இருந்தார்கள் என்பது நம் கருத்து. கிளீவ்லாந்தின் மேனி ராமிரெஸ் 165 ஓட்டங்களை அடித்துச் சேர்த்தார்; 1938-இல் ஜிம்மி ஃபாக்ஸ் செய்ததற்குப் பிறகு அத்தனை எவரும் சேர்த்ததில்லை. ராமிரெஸும் அதே அணியின் அலோமாரும் தலா 226 புள்ளிகள் பெற்றதில், ஓரணித் தோழர்கள் தம்முள் வாக்குகளைப் பிரித்துக்கொண்டார்கள் என்பது தெரிகிறது. யாங்கீஸின் டெரெக் ஜீட்டருக்கு 177.

ஐந்து நாளுக்கு ஒருமுறை ஆடுபவர் நாள்தோறும் ஆடுபவருக்கு ஈடாவாரா என்பதே பிட்ச்சருக்கு எதிரான மூல வாதம். கேட்கும்போது நியாயமாகத் தோன்றும். எண்ணிப் பார்த்தால் அப்படியில்லை. மட்டையாளர் ஒருவர் ஆண்டு முழுதும் மட்டையோடு நிற்பது அறுநூறு எழுநூறு முறை. மார்ட்டினெஸ் அவ்வாண்டு எதிர்கொண்ட மட்டையாளர்கள் எண்ணூறு பேருக்கும் மேல். அதாவது, ஆட்டத்தின் அடிப்படை நிகழ்ச்சியான பிட்ச்சர்-மட்டையாளர் மோதலில் அவர் பங்கு எந்த மட்டையாளரின் பங்கையும்விட அதிகம்; அது சில நாட்களுக்குள் செறிந்து கிடக்கிறது, அவ்வளவே. கேட்ச்சரின் தடுப்புப் பணியை இந்தக் கணக்கு அளப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதை முழுதாகச் சேர்த்தும் பின்னாளில் பரவிய கணிப்பு முறைகள் மார்ட்டினெஸின் பங்களிப்பைத்தான் வெகுவாக மேலே வைக்கின்றன. மாற்று ஆட்டக்காரர் ஒருவரைவிட எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தந்தார் என்று அளக்கும் முறையில் மார்ட்டினெஸுக்கு ஏறத்தாழ 10. ரோட்ரிகஸுக்கு ஏறத்தாழ 6. அன்றைய வாக்காளர்களிடம் இந்த அளவுகோல் இல்லை என்பதால் இதைக் கொண்டு அவர்களைக் குற்றஞ்சாட்ட முடியாது.

ஆனால் அந்த இரண்டு சீட்டுகளை வேறு விதமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவற்றை எழுதியவர்கள் நியூயார்க் போஸ்ட் நாளிதழின் ஜார்ஜ் கிங், மினியாபொலிஸ் ஸ்டார் ட்ரிப்யூன் நாளிதழின் லாவெல் நீல். பிட்ச்சர்களுக்குத் தனி விருது இருக்கிறது. நாள்தோறும் ஆடாதவருக்கு இவ்விருது உரியதன்று என்பதே அவர்கள் தரப்பு. கொள்கையென்று ஏற்றுக்கொள்வோம். ஆனால் முந்தைய ஆண்டு, 1998-இல், இதே விருதுக்கான கிங்கின் சீட்டில் இரண்டு பிட்ச்சர்களின் பெயர்கள் இருந்தன: டேவிட் வெல்ஸ், ரிக் ஹெல்லிங். ஓராண்டுக்குள் மனிதர் மனம் மாறக்கூடாது என்பதில்லை. ஆனால் அந்த மாற்றத்தின் முதல் பலி, மனத்தில் கொள்ளத்தக்க பிட்ச்சர்களிலேயே தலையாயவராக, அதிலும் நியூயார்க்கின் பரம வைரியான பாஸ்டனைச் சேர்ந்தவராக இருந்தபோது, பாஸ்டன்காரர்கள் வாளாவிருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியுமா? நம்மைக் கேட்டால் காழ்ப்பு என்று குற்றம் சாட்டவேண்டிய தேவையே இல்லை. நீலுக்கு அப்படி எந்தப் பகையும் இருந்ததாகச் சொல்ல முடியாது. அவரும் அதையே செய்தார். குறை வேறிடத்தில் இருக்கிறது. பிட்ச்சரும் தகுதியுடையவர் என்று எழுதியிருக்கும் கடிதத்தைக் கையில் பெற்றுக்கொண்டு வாக்களிக்க ஒப்புக்கொண்டவர், தகுதியில்லை என்ற தம் சொந்த விதியால் அக்கடிதத்தைத் திருத்தக்கூடாது. உடன்பாடில்லையென்றால் வாக்களிக்கும் பொறுப்பை மறுத்திருக்கலாம்.

கணக்கைப் பார்ப்போம். முதலிடத்துக்கு 14 புள்ளிகள்; இரண்டாமிடத்துக்கு 9; பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்து பத்தாமிடத்துக்கு 1. மார்ட்டினெஸுக்குக் குறைந்தவை 13. அந்த இருவரும் அவரை முதலிடத்தில் வைத்திருக்க வேண்டியதில்லை. இரண்டிலோ மூன்றிலோகூட வேண்டியதில்லை. தம் மனத்துக்கு இசைந்த மூன்று மட்டையாளர்களை முதலில் எழுதிவிட்டு, நான்காவதாக அவர் பெயரைத் தலைக்கு 7 புள்ளிகளுடன் எழுதியிருந்தால் 253. விருது கைமாறியிருக்கும். அவ்வாண்டின் அமெரிக்கன் லீகில் மார்ட்டினெஸைவிட மதிப்புமிக்கவர்கள் மூவர் இருந்தனர் என்று சொல்லக்கூடியவர்களைக் காணலாம். பத்துப் பேர் இருந்தனர் என்று சொல்லக்கூடியவர் யார்?

வேறு வாக்காளர்களையும் விட்டுவிடலாகாது. மீதமுள்ள 26 பேரில் 18 பேர் அவருக்கு முதலிடம் தரவில்லை. பலர் வெகு கீழே வைத்தார்கள் என்பது புள்ளிகளிலிருந்தே விளங்கும். முதலிடங்களால் வந்த 112 போக எஞ்சிய 127 புள்ளிகள் பதினெட்டுச் சீட்டுகளிலிருந்து வந்தவை. சீட்டுக்கு ஏறத்தாழ ஏழு, அதாவது நான்காம் இடம். பிட்ச்சரைப் பற்றிய தயக்கம் அந்த இருவரிடம் மட்டும் இருந்ததன்று. அவர்களிடம் அது ஒளிவு மறைவின்றி வெளிப்பட்டது. பழியெல்லாம் அவர்கள் மீதே விழுந்ததால் மற்றவர்கள் தப்பித்துக்கொண்டார்கள்.

வாக்குகள் பருவம் முடிந்தவுடன், அக்டோபரின் இறுதிச் சுற்றுகளுக்கு முன்பே பெறப்பட்டுவிடும். முடிவு வெளியாவதோ நவம்பரில். இடையில் அக்டோபர் 11 வந்தது. கிளீவ்லாந்துக்கு எதிரான முதல் ஆட்டத்தில் முதுகுப் பிடிப்பால் நான்கு இன்னிங்ஸோடு விலகிய மார்ட்டினெஸ், தொடரைத் தீர்மானிக்கும் ஐந்தாம் ஆட்டத்தில் 8-8 என்ற நிலையில் நான்காம் இன்னிங்ஸில் களமிறங்கினார். வேகப்பந்தை வேண்டிய வேகத்தில் எறிய முடியாத உடம்போடு ஆறு இன்னிங்ஸ் வீசி ஓர் அடியைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. பாஸ்டன் 12-8 என வென்றது. அடுத்த சுற்றில் யாங்கீஸுக்கு எதிராக ஏழு இன்னிங்ஸ் வீசி 12 ஸ்டிரைக் அவுட்களோடு ஒரு ஓட்டமும் தராதிருந்தார். அந்த அக்டோபரில் யாங்கீஸ் ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களில் தோற்றது அந்த ஒன்றில் மட்டுமே. இவை எவையும் சீட்டுகளில் ஏறியிருக்க வழியில்லை. ஆனால் நவம்பரில் முடிவைப் படித்த ரசிகனின் கண்முன் இவை நின்றன. சினத்தின் அளவுக்கு இதுவும் ஒரு காரணம்.

மறு ஆண்டு மார்ட்டினெஸ் இன்னும் மேலே சென்றார். 2000-இல் லீகின் சராசரி 4.91, அவருடையது 1.74, இரண்டாமிடம் பெற்ற ராஜர் கிளெமென்ஸுடையது 3.70. ஓர் இன்னிங்ஸுக்கு அவர் பேஸ் ஏறவிட்டவர்களின் விகிதம் அதுவரை எந்தப் பிட்ச்சரும் காணாத அளவுக்குக் குறைவு. சை யங் விருது மீண்டும் ஒருமனதாக வந்தது. பெரிய விருதுக்கான வாக்கெடுப்பில் ஐந்தாம் இடம். அதைப் பற்றி அவ்வளவாக எவரும் முறையிடவில்லை. 1999-ஐப் பற்றியே அனைவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

1992-இல் எக்கர்ஸ்லி பெற்ற பிறகு மற்றொரு பிட்ச்சர் இவ்விருதைப் பெறப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. 2011-இல் டெட்ராய்ட் டைகர்ஸின் ஜஸ்டின் வெர்லாண்டர் 24 வெற்றிகள், 2.40 சராசரி, 250 ஸ்டிரைக் அவுட்கள் என்ற கணக்கோடு அதைப் பெற்றார். எந்த அளவுகோலாலும் மார்ட்டினெஸின் 1999-ஐவிட அது பெரிய பருவமன்று. அவ்வாக்கெடுப்பிலும் ஒரு வாக்காளர், பிட்ச்சர் என்ற காரணத்துக்காகவே வெர்லாண்டரின் பெயரைத் தம் சீட்டில் எழுதாமல் விட்டார். வெர்லாண்டருக்கு 280 புள்ளிகள், இரண்டாமவரான பாஸ்டனின் ஜகோபி எல்ஸ்பரிக்கு 242. இடைவெளி 38 ஆக இருந்ததனால் அந்தச் சீட்டை எழுதியவரின் பெயர் இன்று அதிகம் பேருக்கு நினைவில்லை.